காற்றோடு போட்டி போடும் பெண்கள்!

கும்மிடிப்பூண்டி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தொழிற்சாலைகள்தான். இரும்பு ஆலைகள், சிப்காட் தொழிற்பேட்டை, இரவு பகலாக ஓடும் லாரிகள், காலையில் நிரம்பி வழியும் மின்சார ரயில்.

ஆனால் ஊருக்குக் கிழக்கே போனால் காட்சி மாறிவிடும். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். அதுதான் பழவேற்காடு ஏரி. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் இந்த ஏரி, ஒடிசாவில் உள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி.

இந்த ஏரியில் பெண்கள் இறங்காமல் இல்லை. இருளர் இனப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ள ஓலைப் பறி. அதை வாயில் கவ்விக் கொள்வார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே!

ஆனால் படகு? அது ஆண்களுக்கு!

இங்குள்ள மீனவர் ஊர்களில் "பாடு" என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக் கொள்வார்கள். அந்தப் பங்குக்குத் "தலைக்கட்டு" கணக்கு. தலைக்கட்டு என்றால் ஆண். பெண் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

இதே கரையில், தெற்கே சுமார் 45 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது சென்னைத் துறைமுகம். அங்கே ஒரு பெண் தன்னந்தனியாகப் பாய்மரப் படகு ஓட்டப் பழகினார். பழகி, ஒலிம்பிக் பந்தயம் வரை போனார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை!

அவர் பெயர் நேத்ரா குமணன்.

ஆறாவது இடம்

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1-ந் தேதி. பாரீஸ் ஒலிம்பிக் போட்டிகள் நடந்து கொண்டிருந்தன. பாரீசில் கடல் கிடையாது. ஆகவே பாய்மரப் பந்தயங்களைப் பிரான்சின் தெற்குக் கரையில் உள்ள மார்செய் துறைமுகத்தில் வைத்திருந்தார்கள்.

பெண்கள் தனியாக ஓட்டும் படகுப் பந்தயம் அன்று தொடங்கியது. 43 நாடுகளில் இருந்து 43 பெண்கள். 43 வெள்ளைப் பாய்கள். அவற்றில் ஒன்றில் இந்திய மூவர்ணக் கொடி!

முதல் ஓட்டம் முடிந்தது. அந்த மூவர்ணப் பாய் ஆறாவதாக வந்திருந்தது.

முன்னால் வந்தவர்கள் ஐந்தே பேர். பின்னால் 37 பேர். அவர்களில் பலர், பிறந்த ஊரிலேயே படகு கிளப்பும் பயிற்சியாளரும் வாய்த்தவர்கள். இரண்டாவது ஓட்டமும் முடிந்து, அன்று மாலை கணக்குப் பார்த்தபோது நேத்ரா 11-வது இடத்தில் இருந்தார். முதல் 10 பேருக்குத்தான் கடைசிப் பதக்கப் பந்தயத்தில் இடம். அந்த எல்லைக்கு ஒரே ஒரு படி கீழே!

அடுத்த நாட்களில் என்ன நடந்தது என்பதற்கு முன், இது என்ன பந்தயம் என்று பார்த்துவிடலாம். கிரிக்கெட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பாய்மரப் பந்தயத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு.

புளியங்கொட்டை வித்தை

நேத்ரா ஓட்டும் படகுக்கு "இல்கா-6" என்று பெயர். முன்பு "லேசர் ரேடியல்" என்று சொல்வார்கள். நீளம் சுமார் 4.2 மீட்டர். எடை ஏறக்குறைய 59 கிலோ. ஒரே ஒரு பாய். அதன் பரப்பு 5.76 சதுர மீட்டர். என்ஜின் கிடையாது. துடுப்பு கிடையாது. காற்றுதான் எல்லாம்.

எல்லோருக்கும் ஒரே அளவுப் படகு, ஒரே அளவுப் பாய். பணக்காரர் பெரிய படகு வாங்கி முந்த முடியாது. ஓட்டுகிறவரின் திறமையே முந்த வேண்டும்.

காற்று பின்னால் இருந்து அடித்தால் படகு முன்னே போகும். இது குழந்தைக்கும் புரியும். ஆனால் காற்று எதிரே இருந்து அடித்தால்? அப்போதும் படகு முன்னே போக வேண்டும். அதுதான் வித்தை!

ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். அது பக்கத்தில் போகாது; வழுக்கிக்கொண்டு முன்னே பாயும். படகும் அப்படியே. மேலே பாயைக் காற்று தள்ளுகிறது. கீழே படகின் நடுவில் செருகியிருக்கும் பலகை, படகு பக்கவாட்டில் ஒதுங்காதபடி தண்ணீரைப் பிடித்துக் கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட படகு முன்னே பாய்கிறது.

அப்போதும் நேராகக் காற்றின் முகத்துக்கே போக முடியாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்வாகப் போய், திரும்பி, மறுபக்கம் சாய்வாகப் போய், இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக ஏற வேண்டும். எந்த இடத்தில் திரும்புவது? வலப்பக்கம் காற்று பலமா, இடப்பக்கம் பலமா? தண்ணீர் எங்கே கருக்கிறது, எங்கே சிலிர்க்கிறது? கண் அங்கேயே இருக்க வேண்டும். நம் மீனவர்கள் கரையில் நின்றபடியே தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் காற்றைச் சொல்வார்கள் அல்லவா? அதே படிப்புதான்.

காற்று பலமானால் படகு ஒரு பக்கம் சாயும். அதைக் கவிழாமல் நிறுத்துவது ஓட்டுகிறவரின் உடம்பு. படகின் நடுவில் ஒரு வார் இருக்கும். அதில் இரண்டு பாதங்களையும் மாட்டிக்கொண்டு, முழங்காலுக்கு மேல் உடம்பு முழுவதையும் படகுக்கு வெளியே, தண்ணீருக்கு மேலே, மல்லாந்து சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு கையில் பாயின் கயிறு. ஒரு கையில் சுக்கான் பிடி. முகத்தில் உப்புத் தண்ணீர். சுமார் 50 நிமிடம் இப்படி! ஒரு நாளில் இரண்டு ஓட்டம், சில நாளில் மூன்று கூட உண்டு.

தானே தனக்குத் தண்டனை

பந்தயத் தொடக்கமும் வேடிக்கையானது. ஓட்டப் பந்தயம் போலக் கோட்டில் நின்று காத்திருக்க முடியாது. கடலில் படகு எங்கே நிற்கும்? ஐந்து நிமிடத்துக்கு முன் கொடி ஏறும். அப்போது முதல் எல்லாப் படகும் கோட்டுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி வரும். சரியாக நேரம் முடியும் நொடியில், முழு வேகத்தோடு கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு நொடி முந்தினால் குற்றம். மூன்று நொடி பிந்தினால் முன்னால் போகிற படகுகள் காற்றை மறித்துவிடும்.

யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதற்குச் சட்டம் உண்டு. அதை மீறி இன்னொரு படகின் வழியை அடைத்தவர், தாமாகவே உடனே இரண்டு முறை வட்டம் அடித்துவிட்டுத்தான் மேலே போகலாம். நடுவர் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்பது கேள்வி அல்ல. (நம் ஜி.என்.டி. சாலையில் இப்படி ஒரு சட்டம் வந்தால் பாதி வண்டிகள் வீடு போய்ச் சேராது!)

முதலாவதாக வந்தவருக்கு 1 புள்ளி. பத்தாவதாக வந்தவருக்கு 10. ஆகவே குறைந்த புள்ளி எடுத்தவரே வென்றவர். எல்லா ஓட்டங்களிலும் மோசமான ஒன்றைக் கழித்துவிடுவார்கள். முதல் 10 பேர் மட்டும் கடைசிப் பந்தயம் ஓடுவார்கள். அதில் புள்ளி இரட்டிப்பு.

ஒரே ஓட்டத்தில் ஆறாவதாக வந்தால் போதாது. நாலைந்து நாட்கள், காற்று மாறினாலும் அலை மாறினாலும், விடாமல் முன்னணியில் இருக்க வேண்டும். இந்தப் பந்தயத்தின் கடினம் அங்கேதான்.

கோடை விடுமுறையில் வந்த சிறுமி

சென்னைத் துறைமுகத்தில் பாய்மரப் பந்தயத்துக்கு வயது நூறுக்கு மேல். 1911-ம் ஆண்டில் மெட்ராஸ் பாய்மரப் படகுக் கிளப் அங்கே தொடங்கப்பட்டது. தொடங்கியவர், அன்றைய துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். வெள்ளைக்கார அதிகாரிகள் மாலை நேரத்தில் பொழுது போக்கிய இடம் அது. பிற்காலத்தில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் தோன்றியது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் படகு ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள்.

2009-ம் ஆண்டுக் கோடை வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவர் நேத்ரா. அப்போது அவருக்கு வயது 11. டென்னிஸ், கூடைப்பந்து, சைக்கிள், பரதநாட்டியம் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்த சிறுமி. படகைத் தொட்ட பிறகு விடவில்லை.

சிறுவர்கள் ஓட்டும் படகுக்கு "ஆப்டிமிஸ்ட்" என்று பெயர். 1947-ல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வரைந்து கொடுத்தது. பார்ப்பதற்குக் குளியல் தொட்டியில் பாய் கட்டியது போல இருக்கும். நீளம் 2.3 மீட்டர். உலகத்தில் பெரிய பெரிய பந்தயக்காரர்கள் எல்லாம் இந்தத் தொட்டியில் இருந்து வந்தவர்கள்தான்.

2014-ம் ஆண்டில், 17 வயதில், நேத்ரா தென் கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் போனார். பதக்கம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதே போட்டியில், சென்னையைச் சேர்ந்த வேறு இரண்டு பெண்கள் வெண்கலப் பதக்கம் வாங்கினார்கள்!

வர்ஷா கௌதம், ஐஸ்வர்யா நெடுஞ்செழியன் ஆகியோரே அந்த இருவர். அவர்கள் ஓட்டியது இரண்டு பேர் ஏறும் "29-இயர்" படகு. இந்தப் படகு சாயாமல் இருக்க, இருவரில் ஒருவர் பாய்மரத்தில் கட்டிய கம்பியில் இடுப்பை மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் காலை ஊன்றி வெளியே தொங்க வேண்டும். கடலுக்கு மேலே சர்க்கஸ்!

நான்கு ஆண்டு கழித்து, 2018-ல் ஜகார்த்தாவில் வர்ஷா மீண்டும் வந்தார். இந்த முறை துணைக்கு மும்பையைச் சேர்ந்த சுவேதா ஷெர்வேகர். படகு இன்னும் பெரியது. பதக்கமும் பெரியது: வெள்ளி!

எதிராளியைத் தேடி

நேத்ராவின் வழி வேறு. அவர் தனி ஆளாக ஓட்டுகிறவர். பாதி வழியில் தைரியம் சொல்லப் படகில் யாரும் இல்லை.

பொறியியல் படித்துக் கொண்டே பந்தயம் ஓடினார். ஆனால் ஒரு குறை. பந்தயம் பழக எதிராளி வேண்டும். தனியாக எத்தனை மணி நேரம் ஓட்டினாலும், வேகம் கூடியதா குறைந்ததா என்று எதை வைத்து அளப்பது? இந்தியாவில் இந்தப் படகை இந்தத் தரத்தில் ஓட்டும் பெண்கள், கைவிரல் விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள்.

எனவே அவர் எதிராளியைத் தேடிப் போனார். ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில், ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான கிரான் கனேரியா என்ற தீவு இருக்கிறது. ஐரோப்பாவில் குளிர் நடுக்கும் மாதங்களில்கூட அங்கே வெயில் அடிக்கும், காற்றும் வீசும். பல நாட்டு வீரர், வீராங்கனைகள் அங்கே கூடுவார்கள். ஹங்கேரி நாட்டுக்காரரான தாமஸ் எசெஸ் அங்கே நேத்ராவின் பயிற்சியாளர் ஆனார்.

வெளிநாட்டு வாசம், படகு வாடகை, விமானக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் சிறிய தொகையா? தொடக்கத்தில் வீட்டார் தாங்கினார்கள். பிறகு மத்திய அரசின் ஒலிம்பிக் உதவித் திட்டமும், தமிழக அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் கை கொடுத்தன. தாங்கக்கூடிய வீடு இல்லாத ஒரு பெண்ணாக இருந்தால், உதவி வந்து சேருவதற்கு முன்பே பந்தயம் முடிந்திருக்கும்.

2020-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் மியாமி நகரில் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தது. நேத்ரா வெண்கலப் பதக்கம் பெற்றார். பாய்மர உலகக் கோப்பையில் ஓர் இந்தியப் பெண் பதக்கம் வாங்கியது அதுவே முதல் முறை.

அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதம் ஓமன் நாட்டின் முசன்னாவில் ஆசியத் தகுதிப் போட்டி. கடைசி ஓட்டத்துக்கு ஒரு நாள் முன்பே முடிவு தெரிந்துவிட்டது. இனி யாராலும் எட்ட முடியாத முன்னணியில் நேத்ரா! அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவரும் ஓர் இந்தியப் பெண்ணே. ரம்யா சரவணன் என்பது அவர் பெயர்.

ஒலிம்பிக் பாய்மரப் பந்தயத்துக்கு இந்திய ஆண்கள் 1972-ல் இருந்தே போய் வந்திருக்கிறார்கள். தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா. இடையில் ஏறக்குறைய 50 ஆண்டுகள்!

டோக்கியோ ஒலிம்பிக்கின் பாய்மரப் பந்தயம், 2021-ம் ஆண்டு எனோஷிமா என்ற இடத்தில் நடந்தது. இந்தியாவுக்காகப் போன நான்கு பேரில் நேத்ரா, வருண் தக்கர், கே.சி. கணபதி ஆகிய மூவர் சென்னைக்காரர்கள். நான்காமவரான விஷ்ணு சரவணன் வேலூரைச் சேர்ந்தவர். நேத்ரா 44 பேரில் 35-வதாக வந்தார்.

மூன்று ஆண்டு கழித்து, 2024 ஏப்ரலில், பிரான்சில் உள்ள இயேர் நகரில் கடைசி வாய்ப்புப் பந்தயம். பெயரே அதுதான்: "கடைசி வாய்ப்பு!" அதில் வளரும் நாடுகளின் வீராங்கனைகளுள் முதலாவதாக வந்து, மார்செய்க்குச் சீட்டு வாங்கினார்.

மார்செயில் முதல் நாள் 11-வது இடம் என்பதை முன்பே பார்த்தோம். அந்த இடத்தைக் காப்பாற்ற முடியவில்லை. முடிவில் அவர் 21-வது இடத்தில் நின்றார். பதக்கப் பந்தயத்துக்குப் போக முடியவில்லை. ஆனால் டோக்கியோவின் 35 எங்கே, மார்செயின் 21 எங்கே!

தாயான பிறகு தங்கம்

அந்தப் பந்தயத்தில் தங்கம் வென்றவர் யார் தெரியுமா? நெதர்லாந்தைச் சேர்ந்த மரீட் பௌமீஸ்டர். 2012-ல் வெள்ளி, 2016-ல் தங்கம், டோக்கியோவில் வெண்கலம் வாங்கியவர். 2022-ல் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். இனி ஓய்வுதான் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 2024-ல் மீண்டும் தங்கம்!

400 ஆண்டுகளுக்கு முன்பு பாய்மரக் கப்பலில் வந்து பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்களே, அந்த டச்சுக்காரர்களின் நாட்டுப் பெண்தான் இவர்.

ஒலிம்பிக்கில் பாய்மரப் பந்தயம் பெண்களுக்குப் புதிது அல்ல. 1900-ம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில், சுவிட்சர்லாந்துக்காக எலென் தெ பூர்தாலே என்ற சீமாட்டி, கணவரோடும் கணவரின் சகோதரர் மகனோடும் சேர்ந்து "லெரினா" என்ற படகில் ஓடி முதலாவதாக வந்தார். ஒலிம்பிக்கில் வெற்றி பெற்ற முதல் பெண் அவரே. ஓட்டத்திலும் நீச்சலிலும் பெண்கள் ஒலிம்பிக்கில் கால் வைப்பதற்கு முன்பே பாய்மரத்தில் வைத்துவிட்டார்கள்.

அப்படியானால் நல்ல தொடக்கம்தானே? இல்லை. பெண்களுக்கு என்று தனிப் பந்தயம் வர 1988-ம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 88 ஆண்டுகள்! இடையில் பெண்கள் ஓடியது எல்லாம் ஆண்கள் நிரம்பிய படகுகளுக்கு நடுவில், ஒருவர் இருவராக. சியோலில் வைத்த அந்த முதல் பெண்கள் பந்தயம் இருவர் ஓட்டும் படகுக்கு. அமெரிக்காவின் அலிசன் ஜாலியும் லின் ஜூவெலும் வென்றார்கள். தனிப் பெண் ஓட்டும் பந்தயம் 1992-ல் வந்தது. 2024-ல்தான் கணக்குச் சரியானது: ஆண்களுக்கு 4 பந்தயம், பெண்களுக்கு 4, இருபாலரும் சேர்ந்து ஓட்ட 2.

உலகைச் சுற்றி ஒரு பந்தயம்

பெண்களைத் தனியே பிரிப்பது உடல் வலிமைக்காக என்பார்கள். சிறிய படகில் உடம்பின் எடையே பாரம் ஆவதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உலகத்தையே சுற்றி வரும் நெடும் பந்தயங்களில் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பந்தயம்.

2022-ம் ஆண்டு செப்டம்பரில் பிரான்சில் இருந்து "கோல்டன் குளோப்" பந்தயம் புறப்பட்டது. ஒரு படகில் ஒரே ஆள். எங்கும் கரை இறங்கக் கூடாது. வழி காட்டும் நவீனக் கருவிகள் கூடாது. சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

போனவர்களில் தென் ஆப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் என்ற பெண்ணும் ஒருவர். நம் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற அபிலாஷ் டோமியும் ஒருவர்.

வழியில், இந்தியப் பெருங்கடலின் தென் பகுதியில், பின்லாந்து நாட்டுப் போட்டியாளர் ஒருவரின் படகு மூழ்கிவிட்டது. அவர் ரப்பர் மிதவையில் தத்தளித்தார். செய்தி கேட்ட கிர்ஸ்டன் பந்தயத்தை மறந்தார். படகைத் திருப்பி, அவரைத் தேடிக் கண்டுபிடித்துத் தன் படகில் ஏற்றினார். பிறகு அவரை ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, மறுபடி பாய் விரித்தார்.

2023 ஏப்ரல் 27-ந் தேதி கரை சேர்ந்தார். தாம் முதலாவதாக வந்திருக்கிறோம் என்பதே கரைக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும்! உலகைத் தனியே சுற்றும் பந்தயத்தில் வென்ற முதல் பெண் அவர். இரண்டு நாள் கழித்து அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்தார்.

இந்தியப் பெண்களும் உலகைச் சுற்றியிருக்கிறார்கள். அது பந்தயம் அல்ல, கடற்படைப் பயணம். 2017-18ல் ஆறு பெண் அதிகாரிகள் "தாரிணி" என்ற பாய்மரப் படகில் 254 நாட்களில் சுற்றி வந்தார்கள். 2024 அக்டோபரில் அதே படகில் இரண்டே பெண்கள் புறப்பட்டு, 2025 மே மாதம் கோவா திரும்பினார்கள். ஒருவர் கேரளத்தின் தில்னா. மற்றவர் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி.

கடலே இல்லாத ஊரில்!

இனி ஒரு வேடிக்கை. 2023-ல் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு முதலில் பாய்மரப் பதக்கம் வாங்கித் தந்தவர் சென்னைக்காரரும் அல்ல, மும்பைக்காரரும் அல்ல. நேகா தாக்கூர் என்ற 17 வயதுப் பெண். மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். விவசாயி மகள். அந்த ஊரில் இருந்து கடல் பல நூறு கிலோ மீட்டர்! வாங்கியது வெள்ளிப் பதக்கம்.

அதற்கு முன்பு, 2018-ல் ஜகார்த்தாவில், ஆண் பெண் என்று பிரிக்காத ஒரு பந்தயத்தில் பையன்களோடு ஓடி வெண்கலம் வாங்கியவர் ஹர்ஷிதா தோமர். வயது 16. அவரும் மத்தியப் பிரதேசம்தான்.

இது எப்படி? போபால் நகரில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதன் கரையில் அரசாங்கம் பாய்மரப் பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, தங்க இடமும் உணவும் படகும் கொடுத்துப் பழக்குகிறார்கள். ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரியிலும் ஒரு படகுக் கிளப், ஏழை வீட்டுப் பெண்களையும் அரசுப் பள்ளி மாணவிகளையும் அழைத்து வந்து பந்தயக்காரிகள் ஆக்கியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்குக் கடற்கரை ஆயிரம் கிலோ மீட்டர். நல்ல காற்றும் உண்டு. சென்னைக் கரையில் காலையில் தரைக்காற்று, பிற்பகலில் கடற்காற்று. பழகுகிறவருக்கு ஒரே நாளில் இரண்டு பாடம். இராமநாதபுரம் மாவட்டத்துக் கரையில் நீர் விளையாட்டுக்கு ஒரு பயிற்சி நிலையம் அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. வடக்கே, பழவேற்காட்டுப் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கு அது வெகு தூரம். சென்னைத் துறைமுகம் கிட்டேதான். ஆனால் பந்தயப் படகு மீன்பிடி படகு அல்லவே, அதை ஓட்டினால் அன்றைய அடுப்புக்கு எதுவும் வராது. போபாலில் தங்க இடத்தையும் சோற்றையும் முதலில் கொடுத்தார்கள், படகைப் பிறகு கொடுத்தார்கள்.

ஆசிய விளையாட்டில் நேகா ஓட்டியது "இல்கா-4". மார்செயில் நேத்ரா ஓட்டியது "இல்கா-6". பெயர்தான் இரண்டு. படகின் உடல் ஒன்றே. பாய் மட்டும் 4.7 சதுர மீட்டரில் இருந்து 5.76 ஆகிறது; அதைத் தாங்கும் மரத்தின் அடித்துண்டும் மாறுகிறது. ஒலிம்பிக்கில் சிறிய பாய்க்குப் பந்தயம் இல்லை. அடுத்த ஒலிம்பிக் 2028-ல், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்சில். அதற்குப் போக நினைக்கும் பெண் யாராக இருந்தாலும் பெரிய பாயைக் கட்டியாக வேண்டும்.